வாடாத பலகை

தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கொப்பியை வைத்து எழுதிப் படித்தவர் நாம். எமது மகளாவது ஒழுங்கான மேசையில் அமர்ந்து படிக்க வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், கடையில் மேசையின் விலையைக் கேட்டதும் ஆசிரியச் சம்பளம் அஞ்சி ஒதுங்கிற்று. நாமே செய்துவிடுவதெனத் துணிந்தோம்.

அது ஆனி மாதம். ஹட்டனில் தென்மேல் பருவமழை ஓயாது பொழிந்துகொண்டிருந்தது. தேயிலைக்கு நிழலாக நடப்படும் கிரவில்லியா மரத்தின் பலகைகளை மரக்காலையில் வாங்கி, அந்த வாரமே அறுத்து இழைத்தோம்.

முதற்பிழை கால்களில் நேர்ந்தது. நான்கையும் சேர்த்துவைத்து அளவிடாமல் தனித்தனியே அறுத்தமையால் மேசை ஆடியது. ஒன்றைக் குறைத்தோம், மற்றொன்று உயர்ந்தது. இவ்வாறு குறைத்துக் குறைத்து மேசை இரண்டங்குலம் குள்ளமாயிற்று. இல்லாள் சிரித்தார்; நாமும் சிரித்தோம்.

அடுத்த பிழை சிரிக்கத்தக்கதன்று. இரண்டடி அகலமான மேற்பலகைக்கு வச்சிரம் பூசி, சட்டத்தோடு சுற்றிவர ஆணியறைந்து இறுக்கினோம். அசையாதிருப்பதே உறுதி என்பது எமது எண்ணம். தை பிறந்து மழை ஓய்ந்தது. மாசியில் ஓரிரவு ‘படீர்’ என்றோர் ஓசை. காலையில் பார்த்தால், மேற்பலகை நெடுகப் பிளந்து கிடந்தது. மகளின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கோ மூன்று மாதங்களே இருந்தன.

அயலிலுள்ள முதிய தச்சரை அழைத்துவந்தோம். அவர் பிளவை விரலால் தடவிப் பார்த்து, “மாஸ்டர், கொழுந்தை வாட்டாமல் அரைப்பார்களா? பலகையை மட்டும் வாட்டாமல் பூட்டிவிட்டீர்களே!” என்றார்.

மலையகத்தில் பிறந்த எமக்கு இது தோன்றாமற் போயிற்றே! பச்சை மரமும் நீர் சுமந்ததே. அது முற்றாக உலரும்போது, பொதுவாக வளையவாக்கில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு சுருங்கும். நீளவாக்கிலோ சுருக்கம் மிகச் சொற்பம். ஓரளவு உலர்ந்தாலே இரண்டடிப் பலகை அரையங்குலம் குறுகிவிடும். குறுக்கே ஓடும் சட்டமோ நீளத்தில் குறையாது. இரண்டையும் ஆணியால் பிணைத்தால், பலகை பிளப்பதன்றி வேறென்ன செய்யும்?

பெரியவர் சொற்படி, பிளவின் வழியே அறுத்து, விளிம்புகளை இழைத்து மீண்டும் ஒட்டினோம். ஆணிக்குப் பதிலாகத் திருகாணி பூட்டி, சட்டத்தின் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டிவிட்டோம். இப்போது பலகை விரியவும் சுருங்கவும் இடமுண்டு. 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கிய பரீட்சைக்கு, மகள் அந்தக் குள்ள மேசையிலிருந்தே படித்தாள்.

மேசை செய்ய விரும்பும் வாசகர்களுக்கு ஒரு சொல். பலகைகளுக்கிடையே குச்சிகளை வைத்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கிவையுங்கள். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது தச்சரின் பழைய கணக்கு. அவ்வளவு பொறுக்க இயலாவிடின், உலர்ந்த பலகையாகக் கேட்டு வாங்குங்கள். எப்படியாயினும், மரம் அசைவதற்கு இடம் விடுங்கள். இடம் விடாதவனுக்கு அது நள்ளிரவில் பாடம் புகட்டும்.