பந்து எப்போது ஆட்டத்துக்கு வந்தது?

ஞாயிற்றுக்கிழமை மாலை கிள்ளான் பக்கம் எந்தத் திடலில் காற்பந்து நடந்தாலும், கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களின் குரல்தான் பலமாகக் கேட்கும். "பின்னால உதைக்கிறான் பாரு ரெப்ரி! திரும்ப உதைக்கச் சொல்லு!" ரெப்ரி விசில் ஊதமாட்டார். உடனே அவர் மேல் பழி விழும். அப்பாவின் பேச்சை நம்பி ரெப்ரியோடு வாதாடும் பையன் மஞ்சள் அட்டை வாங்குவான். வாசகர்களே, ரெப்ரி செய்தது சரிதான். சட்டம் மாறிவிட்டது.

உங்களில் பலர் ஆடிய காலத்தில், நடுக்கோட்டில் தொடங்கும் பந்து எதிரணிப் பக்கம் முன்னேதான் போக வேண்டும். அதுவும் தன் சுற்றளவுக்கு, ஏறக்குறைய 27 அங்குலம், உருண்டால்தான் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கு. 1997ல் அந்த அங்குலக் கணக்கை எடுத்துவிட்டார்கள். முன்னே நகர்ந்தால் போதும் என்றார்கள். 2016ல் எந்தத் திசையிலும் உதைக்கலாம் என்று வந்தது. ஆனால் பந்து 'தெளிவாக நகர வேண்டும்' என்றும் சேர்த்தார்கள்.

வில்லங்கமெல்லாம் அந்தத் 'தெளிவாக' என்ற சொல்லில்தான். கார்னரில் ஒருவன் பந்தை லேசாகத் தட்டிவிட்டு, உதைக்காதவன் போல் நடந்து போவான். இன்னொருவன் வந்து பந்தை உருட்டிக்கொண்டே கோலை நோக்கி ஓடுவான். 2009ல் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் ரூனியும் கிக்ஸும் செல்சிக்கு எதிராக இதைச் செய்து பார்த்தார்கள். விழுந்த கோல் எண்ணப்படவில்லை. தொலைக்காட்சியில் இதையெல்லாம் பார்க்கும் நம் பையன்கள் சும்மா இருப்பார்களா? பந்து கண்ணுக்குத் தெரிய நகர்ந்திருந்தால் இந்தத் தந்திரம் செல்லும். வெறுமனே காலைப் பந்தின் மேல் வைத்து எடுத்தால், உதைத்ததாகவே ஆகாது. அப்போது இரண்டாமவன்தான் உதைத்தவன். வேறு யாரும் தொடுமுன் அவனே மறுபடி தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீகிக். நகர்ந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் ரெப்ரி ஒருவரே. டீக்கடைப் பெஞ்சு அல்ல.

அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த ஆட்டத்திலும் இதே தலைவலிதான். தரையிலுள்ள பந்தை நடு ஆட்டக்காரர் ஒரே வீச்சில் பின்னால் தர வேண்டும். தருவதுபோல் வெடுக்கென்று அசைந்து எதிரியை ஏமாற்றினால் 5 கெஜம் தண்டம்.

பெனால்டியை மட்டும் இன்றும் முன்னேதான் உதைக்க வேண்டும். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் கோல் காத்த நாளில், உதைக்கும்வரை கோல்காப்பாளர் கோட்டின் மேல் கால் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றுதான் பாய்ந்தார் மனிதர்! இப்போது உதைக்கும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதி கோட்டில் இருந்தால் போதும்.

கோல் கிக்கும் மாறிவிட்டது. 2019 முதல் பந்து பெனால்டி கட்டத்தைத் தாண்டக் காத்திருக்க வேண்டாம். உதைத்து நகர்ந்ததுமே, கட்டத்துக்குள் நிற்கும் தன் ஆளே வாங்கிக்கொள்ளலாம். எதிரணி அதுவரை வெளியே நிற்க வேண்டும்.