கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தாலும் சர்ச்சில் மறுமணம் ஏன் இல்லை?

ஜார்ஜ்டவுன் – நீதிமன்றம் விவாகரத்து கொடுத்த பிறகும் தேவாலயத்தில் மறுமணம் செய்துவைக்கக் குருவானவர் மறுப்பது ஏன்? பிரிந்தவர் நற்கருணை வாங்கலாமா? அடிக்கும் கணவரை விட்டுப் பிரிவது பாவமா?

கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பலர் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை. சரியான பதில் தெரியாமல் திருப்பலிக்கே போகாமல் ஒதுங்கிவிடுவோரும் உண்டு.

இரண்டு அதிகாரங்கள்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணமும் விவாகரத்தும் 1976ஆம் ஆண்டு திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இச்சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அரசு உதவிப் பதிவாளராக நியமித்த குருவானவர் என்றால், தேவாலயத்திலேயே சட்டப் பதிவையும் முடித்துவிடலாம். அதனால் இரண்டும் ஒன்றே எனப் பலர் நினைக்கின்றனர். பிரிவு வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

நீதிமன்றம் முறிப்பது சட்டப்படியான உறவை. ஆனால் திருமுழுக்குப் பெற்ற இருவரின் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு திருவருட்சாதனமாகப் பார்க்கிறது. முறைப்படி நடந்து, கணவன் மனைவியாக வாழ்ந்துவிட்டால் எந்த மனித அதிகாரமும் அதை முறிக்க முடியாது என்பது அதன் போதனை. திருமணத்தைத் திருவருட்சாதனமாகக் கருதாத மெதடிஸ்ட், லுத்தரன் போன்ற சபைகளின் நடைமுறை வேறு.

‘செல்லாது’ என்றால் என்ன?

திருச்சபை நீதிமன்றம் விவாகரத்து வழங்குவதில்லை. அந்தத் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியானதா என்று மட்டுமே அது ஆராய்கிறது. பெற்றோர் மிரட்டி இணங்க வைத்தது, முக்கியமான ஓர் உண்மையை மறைத்து ஏமாற்றியது, பிள்ளையே வேண்டாம் என்ற எண்ணத்தோடு மணந்தது, இல்லறக் கடமைகளை ஏற்கும் மனநிலை இல்லாதது போன்றவை நிரூபணமானால் திருமணம் செல்லாது என அறிவிக்கப்படலாம். அதன் பிறகு மறுமணத்திற்கு வழி உண்டு.

இதில் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு ஆயருடையது. பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேராக், கிளந்தான் ஆகிய மாநிலங்கள் பினாங்கு மறைமாவட்டத்தின் கீழ் வருகின்றன. 2012 முதல் அதன் ஆயராக இருக்கும் செபாஸ்டியன் பிரான்சிஸ் 2023இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

முன்பு ஒரு தீர்ப்பை இன்னொரு நீதிமன்றமும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. போப் பிரான்சிஸ் 2015இல் அந்த விதியை நீக்கினார். இருதரப்பும் ஒத்துழைத்து, ஆதாரமும் தெளிவாக இருந்தால் ஆயரே விரைவாக முடிவு செய்யலாம்.

தாய்மார்கள் அதிகம் அஞ்சுவது பிள்ளைகளை நினைத்துத்தான். திருமணம் செல்லாது என அறிவித்தாலும் பிள்ளைகள் முறையாகப் பிறந்தவர்களே என்று திருச்சபைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இந்துவை மணந்தால்?

கத்தோலிக்கர் ஒருவர் இந்துவை மணக்க ஆயரின் விதிவிலக்கு அனுமதி தேவை. இந்துத் துணை மதம் மாற வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு மட்டும் வாக்குறுதி தரும். அதை மறுதரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதி பெறாமல் பதிவு இலாகாவில் மட்டும் செய்த திருமணத்தைத் திருச்சபை ஏற்பதில்லை.

அடி உதையைப் பொறுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. துணைக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடமளிக்கிறது. சில வேளைகளில் பிரிவு ஒழுக்க நெறிப்படியே அவசியமாகிறது என 2016இல் வெளியான ‘அமோரிஸ் லெத்தீசியா’ மடலில் போப் பிரான்சிஸ் குறிப்பிட்டார். விவாகரத்து பெற்று, மறுமணம் செய்யாமல் இருப்பவர் அந்தக் காரணத்திற்காக நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதில்லை.

‘சிலுவையாக நினைத்துச் சுமந்துகொள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். அது திருச்சபையின் கட்டளை அல்ல. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை பெற முடியும். 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணில் உதவி கேட்கலாம். பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும் டபிள்யூசிசி மகளிர் மையமும் உதவுகிறது.

மறுமணத்தைப் பற்றி யோசிப்பவர்கள் மண்டபத்திற்கு முன்பணம் கட்டும் முன் தங்கள் பங்குக் குருவைப் பார்ப்பது நல்லது. திருமணச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், நீதிமன்ற ஆணை ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.