ரிசர்வ் கிரேடு (ரக்பி லீக்)

ரிசர்வ் கிரேடு என்பது தொழில்முறை ரக்பி லீக் கழகம் ஒன்றின் முதல்தர அணிக்கு அடுத்த நிலையில் உள்ள அணியையும், அத்தகைய அணிகள் தமக்குள் ஆடும் போட்டித் தொடரையும் குறிக்கும் பெயராகும். இது ஆஸ்திரேலியாவில் வழங்கும் பெயர். இங்கிலாந்தில் பொதுவாக "ரிசர்வ்ஸ்" எனப்படுகிறது. முதல்தர அணியில் அவ்வாரம் இடம் கிடைக்காத வீரர்கள், காயத்திலிருந்து மீண்டு வருவோர், இளையோர் அணிகளிலிருந்து மேலேறி வருவோர் ஆகிய மூவகையினரும் இவ்வணியில் ஒன்றாக ஆடுகின்றனர்.

ரக்பி லீக், அணிக்கு 13 பேர் ஆடும் விளையாட்டு. 15 பேர் ஆடும் ரக்பி யூனியனிலிருந்து இது வேறானது. இலங்கையின் பள்ளிகளிலும் கழகங்களிலும் பரவலாக ஆடப்படுவது யூனியன் வகையே. வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளர்களுக்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற சச்சரவில் 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து சென்றதிலிருந்து லீக் தோன்றியது.

தோற்றம்

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் தொடர் 1908இல் தொடங்கியபோதே ரிசர்வ் கிரேடும் உடன் தொடங்கியது. பின்னர் அதற்குக் கீழே வயது அடிப்படையிலான தொடர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஜெர்சி ஃப்ளெக் கிண்ணம் 1961இலும், எஸ். ஜி. பால் கிண்ணம் 1965இலும், ஹரோல்ட் மேத்யூஸ் கிண்ணம் 1970இலும் ஏற்படுத்தப்பட்டன. வயது வரம்புகள் பலமுறை மாறியுள்ளன. தற்போது இவை முறையே 21, 19, 17 வயதுக்குட்பட்டோருக்கானவை.

நெடுங்காலமாக ஒரே மைதானத்தில் ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள் நடப்பது சிட்னி வழக்கம். முதலில் மூன்றாந்தர அல்லது இளையோர் ஆட்டம், அடுத்து ரிசர்வ் கிரேடு, மாலையில் முதல்தர ஆட்டம். ரிசர்வ் ஆட்டத்தை முடித்த வீரர் சிலர் அதே நாளில் முதல்தர அணியின் மாற்று வீரர்களாகவும் அமர்ந்திருப்பர். இதனால் பயிற்றுநர் இரு அணிகளையும் ஒரே பார்வையில் கண்டார். முதல்தர ஆட்டத்துக்கு முன்னரே வந்துவிடும் கழக ரசிகர்களும், அடுத்த ஆண்டு யார் மேலே வருவார் என்பதை அறிந்திருந்தனர்.

செயல்படும் முறை

1998இல் தேசிய ரக்பி லீக் (என்ஆர்எல்) அமைந்தபின் ரிசர்வ் தொடரின் பெயர் பலமுறை மாறி, 2008 முதல் நியூ சவுத் வேல்ஸ் கிண்ணம் என நிலைபெற்றது. 2018 முதல் என்ஆர்எல் கழகம் ஒவ்வொன்றும் 30 பேரை முதன்மை ஒப்பந்தத்திலும், மேலும் சிலரை வளர்ச்சி ஒப்பந்தத்திலும் வைத்திருக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. களத்தில் ஆடுவோர் 13 பேர். மாற்று வீரர்களைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் 30 பேரில் பத்துப் பேருக்குக் குறையாமல் ஒவ்வொரு வாரமும் வெளியே நிற்க நேரும். ஆட்டமின்றிப் பயிற்சி மட்டும் செய்யும் வீரரின் திறன் விரைவில் மழுங்கும் என்பதால் அவர்களுக்கு வாரந்தோறும் ஆட்டம் தேவைப்படுகிறது.

இதன் விளைவு கீழ்நிலைகளில் உடனே தெரியும். அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஹாஃப்பேக் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு காயமடைந்தால், ரிசர்வ் அணியின் ஹாஃப்பேக் மேலே அழைக்கப்படுவார். அவரது இடத்துக்கு ஜெர்சி ஃப்ளெக் அணியிலிருந்து ஒருவர் வருவார். அங்கே ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப இன்னும் இளையவர் ஒருவர் வருவார். ஒருவரின் முழங்காற் காயம் மூன்று அணிகளை மாற்றியமைத்துவிடும். ஆகவே பல கழகங்கள் தம் எல்லா அணிகளுக்கும் ஒரே தாக்குதல் முறைகளையும் ஒரே சைகைச் சொற்களையும் கற்பிக்கின்றன.

ரிசர்வ் அணியில் ஆடும் அனைவரும் முழுநேரத் தொழில்முறையாளர் அல்லர். பகலில் தச்சராகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்து மாலையில் பயிற்சிக்கு வருவோரும் உண்டு. முதல்தர வீரர்கள் கீழே அனுப்பப்படும் வாரங்களில் இவர்களே இடத்தை இழக்கின்றனர். இவ்வமைப்பின் சுமையை அதிகம் தாங்குபவர்கள் இவர்கள் எனலாம்.

முதல்தரத்திலிருந்து விலகிய பழைய கழகங்கள் சிலவும் இத்தொடரில் உயிர்வாழ்கின்றன. சிட்னியின் நிறுவனக் கழகங்களுள் ஒன்றான நியூடவுன் ஜெட்ஸ், 1983ஆம் ஆண்டுப் பருவத்துடன் முதல்தரத்தை இழந்தது. எனினும் 2019இல் நியூ சவுத் வேல்ஸ் கிண்ணத்தை வென்றது. இக்கழகத்தின் ஹென்சன் பார்க் மைதானத்தில் வந்தோர் எண்ணிக்கை எப்போதும் 8,972 என்றே ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவது அங்கு வழங்கும் ஒரு நகைச்சுவையாகும்.

குயின்ஸ்லாந்து முறை

குயின்ஸ்லாந்தில் 1996இல் தொடங்கிய குயின்ஸ்லாந்து கிண்ணத்தில் ஆடுபவை பெரும்பாலும் தனித்த நிர்வாகமுடைய உள்ளூர்க் கழகங்கள். என்ஆர்எல் கழகங்கள் இவற்றுடன் உடன்பாடு செய்துகொண்டு தம் உபரி வீரர்களைப் பகிர்ந்து அனுப்புகின்றன. ஒரே கழகத்தின் வீரர்கள் வெவ்வேறு பயிற்றுநர்களின் கீழ் ஆட நேர்வது இதன் குறை. ஒருவர் மற்றவரின் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் அனைவரும் தத்தம் நிலையில் ஆட முடிவது இதன் நன்மை.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் கோட்டையான மெல்பேர்ணில் 1998இல் ஆடத் தொடங்கிய மெல்பேர்ண் ஸ்டோர்ம் கழகத்துக்கு, உள்ளூரில் தேர்ந்தெடுக்கப் போதிய இளையோர் இல்லை. அது பிரிஸ்பேனின் நார்த்ஸ் டெவில்ஸ் கழகத்துடன் இணைந்து செயல்பட்டது. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் குரோங்க் மூவரும் நார்த்ஸ் அணியில் ஆடியே ஸ்டோர்முக்கு உயர்ந்தனர். ஸ்மித் பின்னர் 430 என்ஆர்எல் ஆட்டங்களில் ஆடினார்.

தேசிய இளையோர் போட்டி

2008இல் என்ஆர்எல் 20 வயதுக்குட்பட்டோருக்கான தேசிய இளையோர் போட்டியை அறிமுகப்படுத்தியது. முதல்தர ஆட்டத்துக்கு முன்பாக அதே மைதானத்தில் இவ்வாட்டங்கள் நடைபெற்றன. தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. வேகமும் புள்ளிகளும் நிறைந்த இத்தொடர் பார்வையாளர்களைக் கவர்ந்தது. முதல் ஆண்டின் சிறந்த வீரரான பென் ஹன்ட் பின்னர் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்.

ஆயினும் ரிசர்வ் கிரேடு செய்துவந்த பணியை இத்தொடரால் செய்ய இயலவில்லை. தன் வயதினரை மட்டுமே எதிர்த்து ஆடிய 19 வயது இளைஞர், 28 வயதான முன்வரிசை வீரரின் எடையையும் தந்திரத்தையும் முதன்முறையாக முதல்தரக் களத்திலேயே சந்திக்க நேர்ந்தது. வயது வரம்பைக் கடந்ததும் பலருக்குச் செல்ல இடமிருக்கவில்லை. இதே காலத்தில் சிட்னிக் கழகங்கள் சில தம் சொந்த ரிசர்வ் அணியைக் கைவிட்டு வேறு கழகங்களைச் சார்ந்திருந்தன. நாடு முழுவதும், நியூசிலாந்துக்கும்கூட, அணிகள் பயணம் செய்ய வேண்டியிருந்ததால் செலவும் மிகுந்தது.

இன்னும் கவலைக்குரியது இளைஞர்களின் மனநிலை. வீட்டைவிட்டுத் தொலைவில் வந்து, தொலைக்காட்சியில் முகம் தெரிந்தபின், ஒரு காயத்தாலோ கையொப்பமாகாத ஒப்பந்தத்தாலோ எல்லாம் முடிந்துவிடும் நிலையில் அவர்கள் இருந்தனர். 2013ஆம் ஆண்டிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் இளம் வீரர்கள் சிலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டமை பெரும் விவாதத்தை எழுப்பியது. படிப்போ வேலையோ இல்லாதவர் ஆடக்கூடாது என்ற விதியும், நலன் பேணும் அலுவலர்களும் இத்தொடரில் முக்கியத்துவம் பெற்றமைக்கு இதுவே பின்னணி. 2017ஆம் ஆண்டுடன் தேசிய இளையோர் போட்டி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் இளையோர் தொடர்கள் மீண்டும் மாநில அளவுக்குத் திரும்பின. தக்கவர்கள் வயதைப் பொருட்படுத்தாது ரிசர்வ் அணிக்கு உயர்த்தப்பட்டனர்.

பென்ரித்

மேற்குச் சிட்னியின் பென்ரித் பாந்தர்ஸ் இவ்வமைப்பின் பயனைத் தெளிவாகக் காட்டும் கழகம். 2022இல் இக்கழகம் என்ஆர்எல், நியூ சவுத் வேல்ஸ் கிண்ணம், ஜெர்சி ஃப்ளெக் கிண்ணம், எஸ். ஜி. பால் கிண்ணம் ஆகிய நான்கையும் ஒரே பருவத்தில் வென்றது. என்ஆர்எல் பட்டத்தை 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பெற்றது. ஊதிய உச்சவரம்பு விதி இருப்பதால் வெற்றிபெற்ற அணி தன் வீரர்கள் அனைவரையும் வைத்துக்கொள்ள இயலாது. மாட் பர்டன், ஸ்டீபன் கிரைட்டன், ஜெரோம் லுவாய் என ஒவ்வொருவராக வேறு கழகங்களுக்குச் சென்றனர். அவர்களுக்கு ஈடாக விலைகொடுத்து வாங்காமல், பெரும்பாலும் ரிசர்வ் அணியில் காத்திருந்தோரைக் கொண்டே அவ்விடங்கள் நிரப்பப்பட்டன.

இங்கிலாந்து

இங்கிலாந்தில் 2010களில் பல கழகங்கள் செலவு கருதி ரிசர்வ் அணிகளைக் கைவிட்டன. 2013இல் வந்த இரட்டைப் பதிவு முறையின்படி சூப்பர் லீக் வீரர் ஒருவர் கீழ்ப்பிரிவுக் கழகத்துக்கும் ஆடலாம். இளைஞருக்கு வளர்ந்தோருடன் ஆடும் அனுபவம் கிடைத்தது உண்மையே. ஆனால் கீழ்ப்பிரிவுக் கழகத்தின் சொந்த வீரர், கடனாக வந்தவருக்கு இடம்விட்டு வெளியே அமர்ந்தார். 2020இல் ரிசர்வ் தொடரை மீண்டும் தொடங்கும் முயற்சி கொரோனா தொற்றால் தடைப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது.

பசிபிக் நாடுகள்

பப்புவா நியூ கினியின் ஹன்டர்ஸ் அணி 2014இல் குயின்ஸ்லாந்து கிண்ணத்தில் சேர்ந்து, 2017இல் அதை வென்றது. 2028 முதல் அந்நாட்டு அணி ஒன்று என்ஆர்எல்லில் ஆடும் என 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஹன்டர்ஸ் வழியே வந்தவர்களுள் ஜஸ்டின் ஓலம் குறிப்பிடத்தக்கவர். லாயே நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் பயின்ற இவர், ஆஸ்திரேலிய இளையோர் அணி எதிலும் வளர்ந்தவர் அல்லர். ஹன்டர்ஸ், பின்னர் சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸ் என இரு கிண்ண அணிகளில் ஆடியபின், 2018இல் தம் 24ஆம் வயதில் மெல்பேர்ண் ஸ்டோர்முக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். 2020இல் பட்டம் வென்ற அணியிலும் இடம்பெற்றார்.