காகதாலீயமும் கோவூரின் சவாலும்

காகம் அமர்ந்த வேளையிற் பனம்பழம் வீழ்ந்ததைத் தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகளின் சந்திப்பென உணர்ந்து, அதற்குக் காகதாலீய நியாயம் எனப் பெயருமிட்ட மரபு எம்முடையது. அம்மரபினரே பல்லி சொல்லுக்குக் காது கொடுப்பதும், சாதகம் பொருந்தாவிடின் மணப்பேச்சைக் கைவிடுவதும் ஏன்?

இந்நம்பிக்கைகளைச் சோதனைக்கு அழைத்தவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் (1898–1978). திருவல்லாவிற் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்பித்த இவர், பிற்காலத்தில் தெஹிவளையை அடுத்த பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்தார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 1963இல் அவர் அறிவித்த ஓர் இலட்சம் ரூபாப் பரிசு அற்புதம் புரிவோருக்கு மட்டும் உரியதன்று. சோதிடர்க்கும் அதில் இடமிருந்தது. பிறந்த நேரமும் இடமும் துல்லியமாகக் குறித்த பத்துச் சாதகங்களைப் பார்த்து, ஆண் எவர், பெண் எவர், உயிரோடிருப்பவர் எவர், இறந்தவர் எவர் எனக் கூறவேண்டும். நூற்றுக்கு ஐந்து பிழை பொறுக்கப்படும். அவர் மறையும்வரை எவரும் பரிசைப் பெற்றாரில்லை.

ஏன் பத்துச் சாதகங்கள் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. வெறும் ஊகத்தால் பத்துப்பேரின் பாலையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 1,024இல் ஒன்று. வாழ்வு சாவும் சேர்ந்தால் விடைகள் இருபது. ஒரு பிழையைப் பொறுத்தாலும் ஏறத்தாழ 50,000இல் ஒருவருக்கே வெற்றி கிட்டும். ஆனால் பாலை மட்டும் கேட்டு 1,024 பேரை ஊகிக்க விட்டால், சராசரியாக ஒருவர் வென்றுவிடுவார். ஊர் அவரையே தீர்க்கதரிசி என்னும். தோற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரை யார் நினைவில் வைப்பர்? எது வெற்றி என்பதை முன்கூட்டியே வரையறுத்துத் தவறுகளையும் எண்ணியமையே கோவூரின் முறை. அன்றாட வாழ்வில் இவ்விரண்டும் நிகழ்வதில்லை.

செவ்வாய்க் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களிற் செவ்வாய் நின்றால் குற்றம் என்பது பொது வழக்கு. பன்னிரண்டில் ஐந்து இடங்கள்! எனவே எழுமாறாக எடுத்த நூறு சாதகங்களில் நாற்பதளவில் அது காணப்படும். சந்திரனிலிருந்தும் எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். இளமையிற் கணவனை இழந்தவளின் சாதகத்தைப் புரட்டுவோர் அதைக் கண்டுபிடிப்பதில் வியப்பென்ன? பேரப்பிள்ளைகளோடு வாழும் தம்பதியரின் சாதகத்தை எவரும் அதற்காகப் புரட்டுவதில்லை.

இணைத்துப் பார்க்கும் இவ்வியல்பு மனிதர்க்கு மட்டும் உரியதன்று. 1948இல் ஸ்கின்னர் வெளியிட்ட ஆய்வில், எது செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை பெற்ற எட்டுப் புறாக்களுள் ஆறு, இரை வந்த வேளையிற் செய்துகொண்டிருந்த அசைவையே சடங்குபோல் திரும்பத் திரும்பச் செய்தன. எனினும் உளவியல் மட்டும் போதாது. திரோபிரியண்ட் தீவினர் அமைதியான கடனீரேரியில் மந்திரமின்றியே மீன்பிடித்தனர் என்றும், ஆபத்தான ஆழ்கடலுக்கே மந்திரச் சடங்குகளை வைத்திருந்தனர் என்றும் மலினோவ்ஸ்கி காட்டினார். சீதனமாக வீட்டைக் கொடுத்து, முன்பின் அறியாத ஒருவருக்கு மகளைக் கடல்கடந்து அனுப்பும் குடும்பத்துக்கு மணமும் ஆழ்கடலே. கோவூரின் வாதம் இப்பக்கத்தை அதிகம் தொடவில்லை.

செவ்வாய்க் குற்றத்துக்கு விதிவிலக்குகளும் பல உள. அவை எக்குடும்பத்துப் பெண்ணுக்கு எளிதிற் கிடைக்கின்றன, எவளுக்கு மறுக்கப்படுகின்றன என்பது சமூகவியலாளர் ஆராயத்தக்கது.