கணிப்பொறிகள் பேசிக்கொள்ள ஒரு பொது நெறி

இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்த மலையூர் காந்தலூர். வெள்ளைப்பூண்டும் காய்கறிகளும் விளையும் இவ்வூரில் பல வீடுகளில் தமிழும் அரசு அலுவலகங்களில் மலையாளமும் வழங்குகின்றன. உடுமலைப்பேட்டையிலிருந்து இங்கு வரும் கடிதத்தின் முகவரி எம்மொழியில் இருப்பினும், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் சரியாக இருந்தால் அது உரிய அஞ்சலகத்தை அடைந்துவிடும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இவ்வேற்பாட்டில், உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை அஞ்சல்துறை அறிய வேண்டியதில்லை. வெவ்வேறு வகைக் கணிப்பொறிகளை இணைக்கும் நெறிமுறைகளின் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே.

கணிப்பொறிகளுக்கிடையே உள்ள வேற்றுமை சிறிதன்று. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தை ஆஸ்கி முறை 65 என்ற எண்ணால் குறிக்கும், ஐ.பி.எம். பெரும்பொறிகளின் எப்சிடிக் முறை அதனையே 193 எனக் குறிக்கும். ஓர் எண்ணைச் சேமிக்கும்போது அதன் எப்பகுதியை முதலில் வைப்பது என்பதிலும் பொறிகள் மாறுபடும். நான் பணியில் சேர்ந்த காலத்தில், ஒரே கூரையின்கீழ் இருந்த இரு பொறிகளில் ஒன்று அச்சிட்ட பட்டியலை மற்றொன்றில் ஊழியர்கள் மீண்டும் தட்டச்சு செய்வதைக் கண்டிருக்கிறேன். கணிப்பொறி வாங்கியதன் பயனில் பாதி அங்கேயே போயிற்று.

இதற்குத் தீர்வு எல்லாரும் ஒரே பொறியை வாங்குவதன்று. 1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் முன்வைத்த கருத்து, பொறிகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றினிடையே செல்லும் உறைக்கு மட்டும் பொது வடிவம் வகுப்பதாகும். செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஐ.பி. என்னும் நெறி ஒவ்வொன்றிலும் முகவரி இடுகிறது. டி.சி.பி. அவற்றுக்கு வரிசை எண் இட்டு, வழியில் தொலைந்தவற்றை மீண்டும் அனுப்பச் செய்கிறது. அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று இம்முறைக்கு மாறியது. மறுபுறம், பன்னாட்டுத் தர நிறுவனம் ஏழு அடுக்குகள் கொண்ட ஓ.எஸ்.ஐ. அமைப்பை 1984-இல் வெளியிட்டது.

இவ்விரண்டில் எது நிலைக்கும் என்பது தெளிவாகாத நிலையில், 1986-இல் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் வலையத்தைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டும் அதில் பங்குகொண்டன. அதன் முதுகெலும்புத் தடங்களில் இரு நெறிகளும் அருகருகே இயங்கின. ஒரே நெறியில் பந்தயம் கட்டாத இம்முடிவு விவேகமானது என்பேன். 1995-க்குப் பின் ஏறத்தாழ முழுப் போக்குவரத்தும் டி.சி.பி./ஐ.பி. வழியே சென்றது.

ஆயினும் உறை போய்ச் சேர்வது வேறு, உள்ளிருப்பது விளங்குவது வேறு. ஒரு பதிவேடு ‘காந்தலூர்’ என்றும், மற்றொன்று ‘காந்தல்லூர்’ என்றும் எழுதினால், கணிப்பொறிக்கு அவை இரண்டு ஊர்கள். ஒரே விவசாயி இரு முறை கணக்கில் ஏறலாம். அல்லது மானியப் பட்டியலிலிருந்து விடுபடலாம். இப்பிழையைக் கம்பியோ செயற்கைக்கோளோ திருத்தாது. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் பேணும் உள்ளாட்சி விவரத் தொகுப்பு, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் தனித்தனி எண் வழங்கியுள்ளது. இரு துறைகளின் பதிவேடுகளும் ஊர்ப்பெயருக்கு அருகே அந்த எண்ணைத் தாங்கியிருந்தால், எழுத்து எப்படி மாறினாலும் ஊர் ஒன்றே எனப் பொறி கண்டுகொள்ளும்.