பின் ஆசனத்தில் இரைவது யார்?

காரின் பின் ஆசனப் பக்கமிருந்து ஒரு விசிறி இரைகிற சத்தம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

மாலை நேரம் வெள்ளவத்தை காலி வீதி நெரிசலில் பாருங்கள், அக்குவா, பிரியஸ் என்று ஹைபிரிட் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். இவற்றை ஓட்ட உதவும் பெரிய பெற்றரி முன்னால் பொனெட்டுக்குள் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் புழுங்கும்! பின் ஆசனத்தை ஒட்டியுள்ள சின்னக் காற்றுத் துவாரம் வழியாக, காருக்குள் இருக்கும் குளிர்காற்றை ஒரு விசிறி இழுத்து அதற்குக் கொடுக்கிறது.

வில்லங்கம் அங்கேதான். கொட்டாஞ்சேனையில் வாங்கிய மரக்கறிப் பையோ, புடவைக்கடைப் பொதியோ அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தூசியும் தலைமுடியும் உள்ளே போய் விசிறியில் படியும். காற்றுக் குறைந்தால் பெற்றரி சூடேறும், அதன் ஆயுளும் குறையும்.

விசிறி வழமையைவிடப் பலமாக இரைந்தால் அதுதான் முதல் அறிகுறி. கவனிக்காமல் விட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். புதுப் பெற்றரியின் விலையைக் கேட்டால் சூடேறுவது நமக்குத்தான்!

விசிறியைச் சுத்தம் செய்வது கராஜில் சின்ன வேலை. இன்றைக்கு வீடு திரும்பும்போது அந்தப் பையை மட்டும் டிக்கிக்கு மாற்றிவிடுங்கள்.