பரிசல்

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னிச் செய்யப்படும் வட்ட வடிவப் படகாகும். தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில், காவிரியாற்றில் இது இயக்கப்படுகிறது. சுமார் 2.25 மீட்டர் விட்டமுடையது.

இதற்குச் சுக்கான் கிடையாது. பரிசல் ஓட்டி ஒற்றைத் துடுப்பால் நீரைத் தம்பக்கம் இழுத்தே படகைச் செலுத்துகிறார்; திசை திருப்புவதும் அத்துடுப்பே. ஒரே பக்கமாக வலித்தால் பரிசல் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். பாறைகளுக்கிடையே துடுப்பு கைநழுவினால், நீரோட்டம் இழுக்கும் வழியில்தான் செல்ல வேண்டும்.

அடிப்பாகத்தில் முற்காலத்தில் விலங்குத் தோல் போர்த்தப்பட்டது. தற்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பு வைத்துத் தார் பூசுகின்றனர். பாறையில் உராய்ந்து கிழிந்தால் பரிசலைக் கரையில் கவிழ்த்து உலர்த்தி, கிழிசலின்மேல் ஒட்டுத்துண்டு வைத்துத் தார் பூசிவிடலாம். முறிந்த பிளாச்சுக்குப் பதில் புதியதைச் செருகலாம். இயந்திரமோ இரும்புப் பாகமோ இல்லாததால் பட்டறை தேவைப்படுவதில்லை. வெள்ளக் காலங்களில் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது.